மூன்று ஐந்துக்கு நின்றது

“படம் இருக்கிற டிஸ்க்கைக் கழட்டிட்டீங்களா?”

“கழட்டிட்டேன்மா.”

“பத்து எண்ணிட்டு மாட்டுங்க.”

போனில் அப்பா நிறுத்தி நிதானமாக எண்ணினார். மகள் அதற்குள் அலுவலக மெயில் ஒன்றுக்குப் பதில் அடித்து முடித்தாள். அவர் பத்தில் நிற்கவில்லை, பன்னிரண்டு வரை போனார்.

“ரெண்டு சேர்த்தே இருக்கட்டும். லிஃப்ட்டுக்கு அப்படித்தான் விடுவோம்.”

“இது லிஃப்ட் இல்லப்பா. தூசி தட்டுறேன்னு ஒயரை இழுத்திருப்பீங்க.”

“இருக்கும்,” என்றார். “வில்லன் யாருன்னே தெரியாம போய்ச் சேரப்போறேன் பாரு.”

அது செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை குளியலறை வாசலில் விழுந்தவர் எழவில்லை.

முப்பத்துநான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக். கூண்டு பாதி வழியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், கதவிடுக்கில் வாய் வைத்து முதலில் ஒன்றுதான் சொல்வார்: “நீங்க தப்பா எதையும் அழுத்தல. மெஷின் கோளாறு.” கருவிப் பையைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.

ஓய்வு பெற்றபின் மதியச் சாப்பாடு ஆனதும் ஒரு பழைய துப்பறியும் படம். மகள் நெட்வொர்க் இன்ஜினியர். படங்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் நிரப்பி, ரவுட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் செருகி, டிவியில் தெரியும்படி செய்துகொடுத்தவள் அவள்தான். போன முறை வந்தபோது தன் வேலைக் கோப்புகளின் நகலுக்காக இன்னொரு டிஸ்க்கையும் கொண்டுவந்தாள். ஒரு போர்ட்டை இரண்டாக்கும் சின்ன ஹப்பை வைத்து இரண்டையும் அதே போர்ட்டில் மாட்டினாள். “ஒரு ஓரமா கிடக்கட்டும்ப்பா.”

அதிலிருந்துதான் படங்கள் பாதியில் நின்றன.

உறவினர் எல்லாரும் கிளம்பிய பிறகு ரவுட்டர் அலமாரிக்குப் போனாள். வீடு முழுக்கத் துடைத்து வைத்தது போலிருக்க, அந்தத் தட்டில் மட்டும் விரலால் எழுதலாம் போல் தூசி.

“நீதான் தொடக்கூடாதுன்னியாமே,” என்றாள் அம்மா. “என்னையும் கிட்ட விடல அவரு.”

பக்கத்தில் ஆணியில், லிஃப்ட் மெஷின் ரூமில் தொங்குவது போலவே, நூல் கட்டிய ஒரு நோட்டு. தேதி, நேரம், கோளாறு, செய்தது, முடிந்தது என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். 3.05, நின்றது. 3.04, நின்றது. 3.05. நாற்பத்தொரு வரிகள்.

மூன்று மணி, தினமும் நகலெடுக்க அவளே குறித்துவைத்த நேரம். அந்நேரத்துக்குத்தான் அவளுடைய கோப்புகள் இங்கே வந்து இறங்கும். இரண்டு டிஸ்க் ஒன்றாகச் சுற்ற ஒரு போர்ட்டின் கரண்ட் காணாது. ஆபீஸில் வாடிக்கையாளர் யார் புகார் சொன்னாலும் “எத்தனை மணிக்கு நிக்குது?” என்றுதான் முதலில் கேட்பாள். அப்பாவிடம் ஒரு நாளும் அவள் அதைக் கேட்கவில்லை.

கடைசிப் பதிவு செவ்வாய்க்கிழமை.

‘பாப்பா எண்ணச் சொன்னபோது மற்ற டிஸ்க்கில் கை வைத்துப் பார்த்தேன். சுற்றிக்கொண்டிருந்தது. அது அவள் வேலை, கழற்றக்கூடாது. கரண்ட் போதவில்லை. தனி அடாப்டர் உள்ள ஹப் வேண்டும்.’

அப்படியானால் ‘இருக்கும்’ என்று சொன்னபோதே அவருக்குத் தெரிந்திருந்தது.

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கயாவது போனாராம்மா?”

“கம்ப்யூட்டர் கடைக்குன்னாரு. எதுக்குன்னு சொல்லல. ஏன்?”

மகளுக்குக் காது மடல் சுட்டது. மணி மூன்று பத்து. ஒயரை இழுத்தாரென்று அவள் சொன்ன மனிதர் போய்விட்டார். அவளுடைய டிஸ்க் மட்டும் தூசிக்கு நடுவே விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சுற்றியது.

நோட்டில் அந்தப் பதிவுக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

‘கடையில் சொல்லியாயிற்று. வியாழன் போய் வாங்க வேண்டும். பாப்பாவிடம் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவாள்.’

மேலே ஒவ்வொரு வரியிலும் ‘முடிந்தது’ கட்டத்தில் ஒரு டிக் இருந்தது. இதில் இல்லை.