விரத நாளில் போட்ட மாத்திரை

என் வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். போன புரட்டாசியில் கடை ஆட்களைக் குடும்பத்தோடு பெங்களூரு பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு வேனில் அழைத்துப் போனார்கள். ராத்திரியே கிளம்பி, போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை காலை. இவர் பெருமாளுக்கு விரதம், மதியம்தான் சாப்பாடு. ஆனால் பழக்கத்தில் காலையிலேயே சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டது எனக்குத் தெரியாது.

தோட்டத்தைச் சுற்றி சைக்கிள் மிதித்தோம், பக்கத்துக் குன்றில் ஏறி இறங்கினோம். பிறகு ஒயின் ருசி பார்க்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் இவர் தள்ளாடினார், பேச்சும் குழறியது.

"இன்னா மாமா, புரட்டாசில நைசா ஊத்திக்கினியா?" என்று கூட வேலை செய்யும் செல்வம் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நானே அதை நம்பிவிட்டேன்.

"விரதம்னு சொல்லிட்டு இன்னா வேல இது? மானம் போவுது, வா வெளிய!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கை ஜில்லென்றிருந்தது. சட்டை முழுக்க வியர்வை. வாயில் வாடையே இல்லை.

"காலைல மாத்திர போட்டியா?" என்றதும் தலையை ஆட்டினார். வெறும் வயிற்றில் மாத்திரை, மேலே இத்தனை அலைச்சல்; சர்க்கரை இறங்கிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த திராட்சைச் சாற்றை வாங்கி, மெல்ல மெல்லக் குடிக்கவைத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து, "விரதம் போச்சே, பெருமாள் கோச்சுக்குவாரு" என்றார்.

"கோச்சுக்கறதுக்காவது நீ இருக்கணும்ல!" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். செல்வம் சாப்பாடு வாங்க ஓடினார்.

இப்போது மாத்திரை டப்பா என்னிடம்தான். டாக்டர் சொன்னபடி முதலில் இட்லி, பிறகுதான் மாத்திரை, சனிக்கிழமையானாலும் சரி. தெருவில் யாராவது தள்ளாடினால் முன்பு ஒதுங்கிப் போவேன். இப்போது பயந்துகொண்டேதான், ஆனாலும் நின்று, "சாப்ட்டியாப்பா?" என்று கேட்கிறேன்.

- ஒரு வாசகி, மந்தைவெளி