பனிமேல் ஓடிய கருங்குழிக்காரன்

அன்று வங்கியில் கூட்டம் அதிகம். மேசைமேல் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தேன். ஞானவேலின் தங்கை கலைச்செல்வி. "அண்ணன் நம்மள வுட்டுட்டுப் போயிட்டாருண்ணா" என்றாள். படூர் வீட்டில், காலை நடை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை. எதிரே டோக்கனோடு நின்ற பெரியவரிடம் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.

அவனோடு ஆடிய உங்களில் பலர் மறுநாள் அவன் சொந்த ஊரான கருங்குழிக்கு வந்திருந்தீர்கள். வர முடியாதவர்களுக்காகவும், 'ஐஸ் ஹாக்கி ஆடப் போனவன்' என்று மட்டும் அவனை அறிந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அழுவதற்காக அல்ல. ஜெயித்தவனைப் பற்றி எழுதுகிறேன்.

படூரில் நாங்கள் படித்த கல்லூரியில் ஒரு சிமெண்டுத் தளம் இருந்தது. அங்கே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஹாக்கி ஆடுவோம். கோல்கீப்பராக நிற்க யாரும் முன்வராததால் அந்த இடம் எனக்கு வந்தது. நெல் விளைவிக்கும் குடும்பத்திலிருந்து வந்த ஞானவேல் அதுவரை சைக்கிளைத் தவிர வேறு சக்கரத்தில் ஏறியதில்லை. முதல் நாள் விழுந்ததில் கால்சட்டை கிழிந்தது, முழங்கை உரிந்தது. போதும் என்று தூக்கிவிடப் போனேன். "வுழறது இன்னா மச்சான், எல்லாரும்தான் வுழறான். மட்டைய வுட்டனா பாரு" என்றான். விடவில்லைதான். இறுகப் பிடித்தபடியே கிடந்தான். ஆண்டு முடிவதற்குள் எங்கள் அணியின் ஃபார்வர்டு அவன்தான். எதிரணியின் வலையை நோக்கிப் பாய்ந்து கோல் போடுவது ஃபார்வர்டின் வேலை. அவன் பாய்ந்தால் மற்ற கல்லூரிக்காரர்கள் தாமாகவே வழிவிட்டார்கள்.

படிப்பு முடிந்ததும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்தது. அதை விட்டுவிட்டு, துபாயில் ஒரு வணிக வளாகத்தின் பனித்தளத்தில் உதவியாளாகப் போனான். வழுக்கி விழுகிறவர்களைத் தூக்கி நிறுத்துவதுதான் வேலை. அவன் அப்பா பல மாதம் அவனோடு பேசவில்லை. இன்ஜினியருக்குப் படித்தவன் ஐஸைக் காவல் காக்கப் போயிட்டான் என்று என்னிடம் நொந்துகொண்டார். கூட்டம் வருவதற்கு முன் காலை வேளையில் அந்தத் தளத்தில் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் ஹாக்கி ஆடுவார்கள். ஒருநாள் ஆள் குறைந்தபோது இவனை இறக்கினார்கள். அவர்களில் ஒருவர் ஸ்லோவாக்கியா நாட்டுப் பயிற்சியாளர். ஊர் திரும்பியபோது அவர் ஞானவேலையும் அழைத்துப் போனார். மலைகளுக்கு நடுவே இருந்த சின்ன ஊர் அது. அங்குள்ள கிளப் அவனைச் சம்பளத்துக்கு ஆடும் ஃபார்வர்டாக எடுத்துக்கொண்டது. சட்டையில் பதினேழாம் எண்.

இரண்டாம் ஆண்டு, தடுப்புச் சுவரில் மோதி முழங்கால் தசைநார் கிழிந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது, வேண்டுமானால் அடுத்த பருவத்துக்கு முன் வந்து ஆடிக் காட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து, டாக்டர் ஓடலாம் என்று சொன்ன பிறகு அவன் வந்து இறங்கியது மாமல்லபுரத்தில், என் வீட்டில். அப்போது எனக்கு அங்கே வங்கிக் கிளையில் வேலை.

காலையில் கடற்கரை மணலில் ஓடுவான். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "இங்க ஓடி, அங்க ஐஸுல இன்னா பண்ணப்போற அண்ணாத்த?" என்று கேட்டார். "இதுல ஓடிட்டா ஐஸு நமக்கு ஜிஎஸ்டி ஹைரோடு மாதிரி" என்றான். அவர் சிரித்துவிட்டு, மறுநாளிலிருந்து இவன் வருவதற்குள் வலைகளை ஓரமாகச் சுருட்டி வழி விட்டு வைத்தார்.

ஒருநாள் பாதியில் உட்கார்ந்துவிட்டான். முட்டி வீங்கியிருந்தது. அப்பா சொன்னதுதான் சரி போல என்று சொல்லி அழுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியதும் தானே எழுந்தான். அன்று ஓடவில்லை. வீடுவரை நொண்டாமல் நடந்தான். அதுவே அன்றைக்குப் பெரிய காரியம்.

கிளப் அவனைத் திரும்ப எடுத்தது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வென்றால் அணி மேல் பிரிவுக்கு உயரும். நம் நேரத்துக்கு அது ஒரு ஞாயிறு மாலை. கருங்குழி வீட்டில் கலைச்செல்வி கைப்பேசியை டிவியோடு இணைத்திருந்தாள். தெருவே உள்ளே இருந்தது, நானும் போயிருந்தேன். விதி ஒன்றும் யாருக்கும் தெரியாது. அந்தச் சின்னக் கறுப்பு ரப்பர் வட்டு யார் கண்ணுக்கும் சிக்கவில்லை. தலைக்கவசத்துக்குள் எல்லா முகமும் ஒன்றாகத் தெரிய, அப்பா மட்டும் பதினேழைத் தேடிக்கொண்டே இருந்தார். சமநிலை. கூடுதல் நேரம். முதலில் கோல் போடுபவருக்கே வெற்றி. இடது ஓரத்திலிருந்து வட்டு வந்தது. இருவர் இடித்து அவனைச் சாய்த்தார்கள். விழுந்துகொண்டே அடித்தான். வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்ததும்தான் அது கோல் என்று எங்களுக்குப் புரிந்தது.

சற்று நேரத்தில் அவனே கூப்பிட்டான். பின்னால் ஒரே கூச்சல். "மச்சான், அப்பா இன்னா சொன்னாரு?" என்றுதான் கேட்டான். கைப்பேசியை அவரிடமே கொடுத்தேன். "நம்மூர்ல ஐஸு பொட்டிக்குள்ளதான் கீது. நீ அதும்மேல ஏறி ஜெயிச்சிட்ட நைனா" என்றார்.

பிறகு எட்டுப் பருவங்கள் அங்கேயே ஆடினான். லடாக்கின் உறைந்த ஏரியிலும் ஒரு குளிர்காலம் ஆடிவிட்டு வந்தான். எல்லாம் முடித்து ஊர் திரும்பியபோது முன்பல் இரண்டு இல்லை. ஆனால் முகத்தில் ஒரு மனக்குறையும் இல்லை.

போன வாரம் அந்த ஸ்லோவாக்கியா கிளப்பிலிருந்து ஒரு வீடியோ வந்தது. ஆட்டம் தொடங்கும் முன், இரண்டு அணிகளும் வட்டமாக நின்று மட்டைகளால் பனித்தளத்தைத் தட்டுகிறார்கள். அவர்கள் வழக்கப்படி அதுதான் பெரிய மரியாதை. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று 'ஞானா, ஞானா' என்கிறது. அவன் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இம்மாம் பேரும் எம்புள்ளைக்கா எழுந்து நிக்கிறாங்க?" என்றார். ஆமாம்மா என்றேன். இன்னொரு முறை போடச் சொன்னார்.

கோல் போட்டதும் ஞானவேல் கையைத் தூக்க மாட்டான். வட்டைக் கொடுத்தவனைத் தேடிப் போய்த் தோளைப் பிடிப்பான். ஏன் என்று கேட்டதற்கு, "போட்டவன ஊரே பாக்கும். குடுத்தவன நாமதான் பாக்கணும்" என்றான். அவனிடமிருந்து என்னோடு இருக்கப்போவது அதுதான். ஒரு நல்ல காரியம் முடிந்ததும், இது யார் கையிலிருந்து எனக்கு வந்தது என்று சுற்றிப் பார்க்கிறேன். பெரும்பாலும் யாராவது நிற்கிறார்கள்.