வாத்து ‘போறேன்’ என்றது

கப்பல் பட்டறையில் துரு தட்டிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தேன். இடது தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியின் மூன்றாம் வகுப்பு வார்டில் காலைக் கயிற்றில் கட்டித் தூக்கி, நுனியில் எடையைத் தொங்கவிட்டு, அசையாமல் படு என்று சொல்லிவிட்டார்கள். எண்பதுகளின் தொடக்கம். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. அதுவரை எந்தக் கட்டிலிலும் அவ்வளவு நாள் தொடர்ந்து படுத்ததில்லை.

பக்கத்துக் கட்டில்காரரை அண்ணன் என்று கூப்பிட்டேன். தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை இறக்கும் லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவர். அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வலது கால் விரல்கள் கறுத்துவிட்டன. முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கறுப்பு மேலே ஏறும், அப்புறம் ஆளையே கொண்டுபோய்விடும் என்று சீன டாக்டர் தினமும் காலையில் சொல்வார். மிஸ்ஸி அதைத் தமிழில் சொல்வார். வார்டில் நர்ஸை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட தமிழ்ப் பெண் அவர். அண்ணன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, “யோசிச்சுச் சொல்றேன்” என்பார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

அவர் எதை யோசித்தார் என்று எனக்குத் தெரியும். பஃபலோ ரோட்டில் கடைவீட்டு மாடியில் ஒரே அறையில் அவர் குடும்பம் இருந்தது. அந்தக் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லி, அரசாங்கத்தில் உட்லண்ட்ஸில் ஆறாம் மாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். லிப்ட் ஐந்தாம் மாடியில் நிற்கும், அடுத்து ஒன்பதில்தான் நிற்கும். “ஒத்தக் காலோட அந்த ஒரு மாடிய எப்படி ஏறுவேன், தம்பி? தூக்கிட்டுப் போக நான் என்ன வெங்காய மூட்டையா?” என்று கேட்டார். கறுப்பு கணுக்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கட்டு மாற்றும்போது வரும் வாடையில் எனக்கே அது தெரிந்தது.

வார்டின் கோடியில் உயரமான பலகையின் மேல் ஒரு கலர் டிவி இருந்தது. சாயங்காலம் பார்வையாளர்கள் வரும் நேரத்தில் அதில் ஒரு கார்ட்டூன் போடுவார்கள். ஒரு கழுதையும் ஒரு வாத்தும் ஒரு வண்டியோடு ஊர் ஊராகப் போகிற கதை. அதற்கும் எனக்கும் பழைய பழக்கம். எழுபதுகளில், எங்கே தூங்குவது என்று தெரியாமல் திரிந்த காலத்தில், ஒரு சமூக மன்றத்துக் கூடத்தில் கறுப்பு வெள்ளையில் அதை முதலில் பார்த்தேன். பிறகு எந்த வேலையில் இருந்தாலும், கட்டை மில்லோ படகோ, அந்த நேரத்துக்கு ஒரு டிவி இருக்கும் கோப்பிக் கடையாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். சின்னப் பிள்ளைகள் பார்ப்பதை வளர்ந்தவன் பார்க்கிறானே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

முதலில் வந்த பாகங்களில் கழுதை வண்டியை இழுக்கும். வாத்து வண்டியில் வைக்கோல் மேல் உட்கார்ந்து வழி சொல்லும். சொல்வதெல்லாம் தப்பான வழி. தப்பான ஊரில் போய் நிற்பார்கள், அங்கே எதையாவது சாப்பிட்டுவிட்டு மறுபடி கிளம்புவார்கள். வண்டி ஓடும்போது பின்னால் அதே மூன்று மரங்கள் திரும்பத் திரும்ப வரும். காசில்லாமல் எடுத்த படம். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. நான் போன ஊர்களிலும் அதே மரங்கள்தான் வந்தன. கழுதையின் குரல் தொண்டை கட்டின ஆளின் குரல் மாதிரி இருக்கும். அது யாருக்கும் புத்தி சொல்லாது.

வார்டில் நான் பார்த்தவை பின்னால் வந்த பாகங்கள். கழுதைக்குக் கண் பெரிதாகி, இமை முளைத்து, கைவைக்காத சட்டை வந்திருந்தது. குரல் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரலாகியிருந்தது. சிவப்பு ஓடு வேய்ந்த ஒரு வீட்டில் இரண்டையும் குடிவைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு முயல் வந்தது. மரங்கள் இப்போது நிறைய இருந்தன, எல்லாம் ஒரே இடத்தில் நின்றன. ஒவ்வொரு நாளும் முடிவில் பல் விளக்கு, பகிர்ந்து சாப்பிடு என்று ஒரு பாடம். கழுதை பல் விளக்கச் சொல்லித் தருகிற நாளும் வந்துவிட்டது என்று அண்ணனிடம் புலம்பினேன்.

அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், ஆனால் கப்பல்களில் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் வரும். அவர் கேட்க ஆரம்பித்தார், நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பழைய பாகங்களைப் பார்த்ததில்லை, அதனால் புதியவை அவருக்குப் பிடித்துப்போயின. வாத்து ரொம்பப் பிடித்தது. பழைய கதையை நான் சொன்னபோது, அதுவும் வண்டியில் உட்கார்ந்துகொண்டு தப்பு வழி சொல்கிற ஆள்தானே, என்னை மாதிரி, என்றார். படம் முடிந்ததும் நான் குறை சொல்வேன். படம் வரைந்து போடுகிறவன் மாறிவிட்டான், புது ஆளுக்கு இந்த இரண்டு மிருகங்களையும் தெரியவே தெரியாது, பழசு ஒன்றையும் அவன் பார்த்ததில்லை என்பேன். அவர் படுத்தபடியே மறுப்பார்.

“வீடு கிடைச்சா தப்பா, தம்பி?”

“தப்பு இல்லண்ணே. ஆனா அதுங்களுக்கு எதுக்கு வீடு?”

“மழை பெய்யும்ல. நீ இன்னும் நனைஞ்சதில்ல போல லா.”

நான் எவ்வளவு நனைந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையில் டாக்டர் வழக்கத்துக்கு மாறாக அவர் கட்டிலில் உட்கார்ந்து பேசினார். இந்த வாரமே செய்தால்தான் முட்டியைக் காப்பாற்றலாம். அண்ணனுக்கு லேசாகக் காய்ச்சலும் வந்திருந்தது. மத்தியானம் அவர் மிஸ்ஸியைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் சரி என்று சொல்லிவிடுகிறேன் என்றார். அவருடைய மனைவி அன்று கொண்டுவந்த ரசச் சோற்றை அவர் மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அந்த அக்கா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்கச் சீக்கிரமே கிளம்பினார்.

அன்று சாயங்காலக் கதையில் குளிர்காலம் வருகிறது. மேலே பறவைகள் கூட்டமாகப் பறக்கின்றன. வாத்து ஓட்டின் மேல் ஏறி நின்று கழுதையைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது. வார்டு முழுக்கப் பார்வையாளர் சத்தம்.

“என்ன சொல்லிச்சு?” என்றார் அண்ணன்.

“‘நான் போறேன்’னு சொல்லிச்சு.”

“எப்படி?”

“நான் போறேன். அவ்வளவுதான்.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தபோது, “வேணாம். அப்படியே இருக்கட்டும்” என்றார் அண்ணன். மிஸ்ஸி இரண்டு தடவை கேட்டார். அண்ணன் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். செய்தி தெரிந்து ஓடிவந்த அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்று, சத்தம் வராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

மிஸ்ஸி என் காலில் தொங்கிய எடையைச் சரிசெய்கிற சாக்கில் பக்கத்தில் வந்து, நேற்று என்ன பேசினீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றும் பேசவில்லை, கார்ட்டூன் பார்த்தோம் என்றேன். என்ன கார்ட்டூன் என்று கேட்டதால் சொன்னேன். அவர் கை கயிற்றிலேயே நின்றது.

“போறேன்னா சொன்னீங்க? ஆபரேஷனுக்குப் போற மனுஷன்கிட்ட?”

“வாத்து சொன்னதத்தான் நான் சொன்னேன், மிஸ்ஸி.”

“வாத்துக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?”

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. தெருமுனைக்கு உப்பு வாங்கப் போகிறவனும் வரேன் என்றுதான் சொல்வான். ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில் யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போனதில்லை. காலையில் பாய் சுருட்டியிருந்தால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். வரேன் என்று சொல்ல எனக்கு எந்த வாசலும் இருந்ததில்லை. அந்தச் சொல் என் வாயில் இல்லாமலே போயிருந்தது.

சாயங்காலம் வாத்து திரும்பி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று டிவியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அன்று கால்பந்து ஆட்டத்தை நேரடியாகக் காட்டினார்கள். கார்ட்டூன் இல்லை. வார்டு முழுக்க சந்தோஷமாக ஆட்டம் பார்த்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சல் ஏறியிருந்தது. மிஸ்ஸி வந்து போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அடுத்த நாள் கார்ட்டூன் வந்தது. வாத்து இல்லை. கழுதையும் முயலும் விறகு அடுக்கின. அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன். பழைய பாகங்களில் வாத்து எத்தனையோ தடவை கோபித்துக்கொண்டு போயிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அடுத்த ஊர் எல்லையில் கழுதைக்கு முன்னால் போய் வேலி மேல் உட்கார்ந்திருக்கும், உனக்குத்தான் வழி தெரியாது என்று கேலி பேசும் என்றேன். பொய் இல்லை, அவ்வளவும் நான் பார்த்தது.

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “இப்பப் படம் போடறவன் வேற ஆளு, பழசு ஒண்ணும் அவனுக்குத் தெரியாதுன்னு நீதானே தினமும் சொன்ன?”

நானேதான் சொன்னேன். அதுவரை அந்தப் புதுப் படத்தில் குறை எங்கே இருக்கிறது என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். குரல் சரியில்லை, கண் சரியில்லை, பாடம் சொல்கிறது. இப்போது அதே படத்தில் நல்லது ஏதாவது வேண்டும், அதுவும் படம் முடிவதற்குள் வேண்டும். முயல் பேசிக்கொண்டே இருந்தது. விறகைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற பாடம் தொடங்கிவிட்டது. மழை வருகிறது, முயல் வீட்டுக்குள் ஓடுகிறது. கழுதை மட்டும் கொல்லைப் பக்கம் போகிறது. அங்கே அந்தப் பழைய வண்டி வைக்கோலோடு நிற்கிறது. கழுதை ஒரு சாக்கை இழுத்து வண்டியின் மேல் போட்டு, நாலு மூலையும் இறங்கும்படி மூக்கால் தள்ளிவிடுகிறது.

“அண்ணே, வண்டியப் பாருங்க.”

“என்ன?”

“வாத்து உக்கார்ற வைக்கோல் அது. நனையாம மூடி வைக்குது. வராத ஆளுக்கு யாராவது எடத்த மூடி வைப்பாங்களா?”

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். சாக்கின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. யாரும் பேசவில்லை, பாடமும் சொல்லவில்லை. புதிதாகப் படம் போட்டவன் யாராக இருந்தாலும் அந்த இடத்தை நன்றாகவே செய்திருந்தான். அதை இன்றைக்கும் சொல்வேன்.

“வரைஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார் அண்ணன். அக்கா அவர் நெற்றியில் ஈரத்துணி வைத்தபோது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மிஸ்ஸியைக் கூப்பிடு என்றார்.

அவர் மனம் மாறியது வைக்கோலாலா, காய்ச்சலாலா, அக்கா இரண்டு நாளாக அழுததாலா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. அன்றே அவரை ஆபரேஷனுக்குத் தயார்செய்தார்கள். மறுநாள் காலையில் ஊசி போட்டுத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனபோது அவர் பாதி மயக்கத்தில் இருந்தார். அக்கா கூடவே கதவு வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு வந்து காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நேரம் போனது. மத்தியானச் சாப்பாடு வந்தது, யாரும் தொடவில்லை. சாயங்காலமும் வந்துவிட்டது.

கார்ட்டூன் தொடங்கும் இசை கேட்டது. எத்தனையோ வருடமாகக் கேட்ட இசை. நான் டிவியை நேராகப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். படம் ஓடியது, முடிந்தது. என்ன வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கதவுப் பக்கம் சக்கரச் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் காது போய்க்கொண்டிருந்தது.

விளக்குப் போட்ட பிறகு அவரைக் கொண்டுவந்தார்கள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. முட்டிக்கு மேலேயே எடுத்திருந்தார்கள். கறுப்பு ஏறிவிட்டதாம், உயிருக்குப் பயம் இல்லை என்று மிஸ்ஸி அக்காவிடம் சொன்னார். அந்த இரண்டு நாள் தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் முட்டி தப்பியிருக்குமா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அவருக்கு நன்றாக நினைவு வந்தது. கையால் போர்வையைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் கை நின்றது. அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தார், அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். ரொம்ப நேரம் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி.”

“சொல்லுங்கண்ணே.”

“நேத்து வந்துச்சா அது?”

“தெரியலண்ணே. பார்க்கல.”

“டிவிக்கு நேராத்தானே படுத்திருக்க?”

“ஆமா.”

அவர் கழுத்தைத் திருப்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அக்காவிடம், நீ அப்படி உட்கார்ந்தால் அவனுக்கு டிவி மறைக்கிறது, இன்றைக்காவது அவன் பார்க்கட்டும், இந்தப் பக்கம் வா என்றார். அக்கா முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் தலைமாட்டுக்கு நகர்ந்தார்.