கிராணியார் போட்ட வட்டம்

அன்று அஞ்சலையக்கா தன் கூடையை இருக்கையிலிருந்து எடுக்கவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

மணிக்கூண்டு நிறுத்தம் வந்தால் அவர் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். ஏறி வரும் சுந்தரம் கிராணியார் அந்த இடத்தில் உட்காருவார். அன்றும் பஸ் நின்றது. யாரோ ஏறினார்கள். பஸ் கிளம்பியது. கூடை அங்கேயே இருந்தது. கீரைக் கட்டுகள் பஸ்ஸோடு சேர்ந்து ஆடின. நான் காசை நீட்டியபோது கண்டக்டர் தாழ்ந்த குரலில், "கிராணியாரு இனிமே வரமாட்டாரும்மா. மத்தியானம் ஆபீஸ்லயே நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு சாஞ்சுட்டாராம்" என்றார். நான் டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன். மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அஞ்சலையக்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

பதினாறாம் நாள் நம் வாசகசாலையில் அவரைப் பற்றி யாராவது எழுதிப் படிக்க வேண்டும் என்றார்கள். என்னைக் கேட்டதற்குக் காரணம், நான்தான் தினமும் கடைசி நிறுத்தம் வரை அவரோடு வந்தவள். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதியது இது. நானே படிக்க மாட்டேன், வேறு யாராவது படியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

நம் காஜா பெராங் கம்பத்துக் குடியிருப்பில் இருக்கும் உங்களுக்கு அவரைத் தெரியும். அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு சாலைகளுக்கு வரைபடம் போடுகிறவர். சுதந்திரம் கிடைத்த பிறகு மலாக்காவில் கார்கள் கூடிவிட்டன. பழைய கடைத்தெருக்களில் ஒரு லாரி நின்றால் பின்னால் வரும் பஸ் நகராது. அதனால் ஒருவழிப் பாதை கொண்டுவந்தார்கள். காலையில் நம் கம்பத்திலிருந்து பஸ் நேராக டவுனுக்குப் போகும். திரும்பும்போது அதே வழியில் வராது. தெங்கேரா பக்கம் போய், கடலோரமாகச் சுற்றி, மறுமுனை வழியாக உள்ளே வரும். அந்தச் சுற்றைக் காகிதத்தில் போட்டவர் நம் கிராணியார்.

அவருக்கு அலுவலகத்தில் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். புதுப் பாதை வந்த வாரமே அதை வீட்டில் சாத்திவிட்டுப் பஸ்ஸில் வரத் தொடங்கினார். ஏன் என்று கண்டக்டர் கேட்டதற்கு, "சைக்கிள்ல போனா நான் பாட்டுக்குச் சந்துல பூந்து போயிடுவேன். இவங்க எப்படி வீடு சேர்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொன்னார்.

பஸ்ஸில் வரும் பெண்கள் அவரைக் கேலி செய்யாமல் விடவில்லை. அஞ்சலையக்கா டவுன் பாசாரில் சாயங்காலம் கீரை வாங்கி, மறுநாள் காலையில் நம் கம்பத்தில் விற்கிறவர். சுற்றி வருவதற்குள் கீரை வாடிவிடுகிறது என்பது அவர் குறை. ஒருநாள் பஸ் முழுவதும் கேட்கும்படி, "என்ன கிராணியாரே, நீங்க போட்ட வட்டத்துல நாங்கல்லாம் பம்பரமா சுத்துறோமே, கயிறு யாரு கையில?" என்றார்.

"கயிறு என் கையிலதான் இருந்துச்சு. இப்ப நானும் பம்பரம் ஆயிட்டேன்" என்றார் கிராணியார். டிரைவர் கூடச் சிரித்தார். அதன் பிறகுதான் அஞ்சலையக்கா அவருக்காகக் கூடையை எடுக்க ஆரம்பித்தார்.

என்னிடம் அவர் அதிகம் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கியபின் கடைசியில் நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம். ஒருநாள் கடலோரத்தில் பஸ் எதற்கோ நின்றுவிட்டது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவர் தன் சுண்டுவிரலை முன்சீட்டின் கம்பி மேல் படுக்க வைத்தார். "மேசையில இந்தச் சுத்து ஒரு விரல் நீளந்தாம்மா. ஒரு விரல்தானேன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

நான் டவுனில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். முன்பெல்லாம் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். பாதை மாறிய பிறகு இருட்டிவிடுகிறது. ஒருநாள் அப்பா டார்ச் லைட்டோடு சந்து முனையில் நின்றிருந்தார். இருட்டின பிறகு வருகிற வேலை வேண்டாம், இந்த மாதத்தோடு நின்றுகொள் என்றார். பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான், ஒரே பேச்சில் முடிந்தது. நான் தலையாட்டினேன்.

பின்னால் வந்த கிராணியார் நின்றார். "புள்ள மேல தப்பில்லண்ணே. பஸ்ஸு சுத்தி வருது. அப்படிச் சுத்தவிட்டு வரைஞ்சவன் நான்தான்."

"அப்ப நீங்களே நேரா வரைஞ்சிடுங்க" என்றார் அப்பா.

"வரைஞ்சு குடுத்துட்டேன். அது மட்டும் போதாதுண்ணே. ஏறி வர்றவங்க யாராச்சும் வந்து சொல்லணும்."

சாயங்கால நேரத்தில் லாரிகளை அந்தத் தெருக்களில் நிற்க விடாமல் செய்தால், பஸ் போன வழியிலேயே திரும்பி வரலாம். அவர் போட்ட புதுத் திட்டம் அதுதான். மேலே இருப்பவர்கள் ஒரு கூட்டம் வைத்து, பயணம் செய்கிறவர்கள் சொல்வதையும் கேட்பார்கள். அந்த அலுவலகத்தில் வேலை செய்கிற அவர் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. இதையெல்லாம் சந்து முனையில் நின்று பொறுமையாகச் சொன்னார். அந்தக் கூட்டம் முடிகிறவரை போகட்டும், பாதை மாறாவிட்டால் நின்றுவிட வேண்டும் என்று அப்பா ஒத்துக்கொண்டார்.

அடுத்த நாள் கிராணியார் பஸ்ஸில், யார் வந்து பேசுகிறீர்கள் என்று எல்லோரையும் கேட்டார். தான் வந்து நாலு வார்த்தை நன்றாகத் திட்டுவதாக அஞ்சலையக்கா சொன்னார். "திட்டுனா எழுதிக்க மாட்டாங்க. வழியைச் சொல்லணும். எங்க ஏறுறோம், எங்க நிக்குது, எப்ப எறங்குறோம், அவ்வளவுதான்" என்றார் கிராணியார். அந்த நேரத்தில் ஒருவருக்குச் சமையல், ஒருவருக்குப் பிள்ளை, ஒருவருக்கு மலாய் சரியாக வராது. கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது அவர் என்னிடம், "நீதாம்மா முழுசா சுத்துறவ" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சந்துக்குள் நடந்தேன். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

சாவு வீட்டுக்குப் பெண்களோடு நானும் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் அழுதார்கள். நான் சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு டயரிலும் காற்று இல்லை. அவருடைய மனைவி என்னை நிமிர்ந்து பார்த்து, "கடைசி வரைக்கும் வர்ற பொண்ணு நீதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கை மரக்கட்டை போல அவர் கையில் இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். பஸ் சுற்றி வந்தது. கடலோரம் தாண்டியதும் பஸ்ஸில் நான் மட்டும் இருந்தேன்.

அவர் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கம்பி மேல் அவர் விரலை வைத்துக் காட்டியது மட்டும் இருக்கிறது.

கூட்டத்தன்று கடை முதலாளி தவுக்கேயிடம் சொல்லிவிட்டு மத்தியானமே கடையிலிருந்து கிளம்பினேன். அஞ்சலையக்காவும் கூடையோடு வந்திருந்தார். "நான் வாயத் தொறந்தா திட்டுதான் வரும். நான் பக்கத்துல மட்டும் நிக்கிறேன்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டம் நடந்த அறையில் பெரிய மேசை. அதன் மேல் வரைபடத்தை விரித்து, நான்கு மூலைகளிலும் கனத்துக்கு எதையோ வைத்திருந்தார்கள். கிராணியார் வரைந்ததுதான் என்று வாசலில் இருந்தவர் சொன்னார்.

காஜா பெராங்கிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று அதிகாரி மலாயில் கேட்டார். அவர் அடுத்த ஊரின் பெயரைச் சொல்லத் தாளைத் திருப்பினார்.

நான் மேசை அருகே போனேன். டவுன் எங்கே என்று தேடினேன். மணிக்கூண்டு தெரிந்தது. அதற்கு முந்தின நிறுத்தத்திலிருந்து ஒரு கோடு அதைத் தொட்டுக் கடல் பக்கம் வளைந்து போனது. உண்மையிலேயே ஒரு விரல் நீளம்தான் இருந்தது.

விரலை அதன் தொடக்கத்தில் வைத்தேன். "நாங்கள் இங்கே ஏறுவோம்" என்று மலாயில் சொல்லிவிட்டு, மெதுவாக நகர்த்த ஆரம்பித்தேன்.