கிரில் பூட்டு என் பாக்கெட்டில்

என் தொழில் என்னவென்று புரியவைப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும். பாட்டு எழுத ஒருவர், பாட ஒருவர், பதிவு செய்ய ஒருவர், எல்லாவற்றையும் கலந்து சேர்க்க ஒருவர். எல்லோரும் கைகழுவிய பிறகு கடைசியாக அது என்னிடம் வரும். காரில் போட்டாலும், காதில் மாட்டினாலும், டீக்கடை ஸ்பீக்கரில் அலறினாலும் பாட்டு பாட்டாகவே கேட்கும்படி சரிசெய்து அனுப்ப வேண்டும். மாஸ்டரிங் என்று பெயர். ஒரு கல்யாணப் பந்தியில் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட என் சித்தப்பா, "அப்ப பாட்டுக்கு இஸ்திரி போடுறேன்னு சொல்லு" என்றார். அன்றிலிருந்து உறவுக்காரர்கள் மத்தியில் நான் இஸ்திரிக்காரன். எனக்குக் கோபம்தான். ஆனால் அதைவிடச் சரியாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

என்னிடம் வருகிறவர்கள் பெரிய கம்பெனிக் கலைஞர்கள் இல்லை. ஹாஸ்டல் அறையில் போர்வைக்குள் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்கிற பிள்ளைகள், ஆபீஸ் முடிந்து வந்து கிடாரைக் கையிலெடுக்கிற ஆட்கள். முக்கால்வாசிப் பேரை நேரில் பார்த்ததே இல்லை. "அண்ணா, இன்னும் கொஞ்சம் லவுடா" என்று வாட்ஸ்அப்பில் வருவார்கள். அந்தக் 'கொஞ்சம்' எங்கே போய் முடியும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

வேலை பார்ப்பது வேங்கிக்காலில், வாடகைக்கு எடுத்த மாடி வீட்டில். படுக்கையறை ஒன்றின் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, ஓரமெல்லாம் ரப்பர் வைத்த கனமான கதவு ஒன்றை மாட்டினேன். சாத்தினால் தீர்ந்தது. ஹார்ன் கிடையாது, குக்கர் விசில் கிடையாது, தெருவில் எவன் மைக் வைத்துக் கத்தினாலும் கவலை கிடையாது. செல்போன் உள்ளே வரக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். கணினிக்கு இணையமும் இல்லை. ஒருநாள் அதுவாகவே அப்டேட் ஆகி என் உயிரை எடுத்தது, அன்றே பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

அப்பா எங்களோடு இருக்கிறார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஞாபகம் நழுவத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அவருக்காகத்தான் சென்னையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். சந்தோஷமாக வந்தேன் என்று பொய் சொல்லப் போவதில்லை. மற்ற நேரங்களில் அவரால் தொல்லை இல்லை. மதியத் தூக்கம் கலைந்து நாலு மணிக்கு எழுந்தால் மட்டும் அவருக்கு டூட்டி நேரம் வந்துவிடும். ஒருமுறை அப்படி இறங்கிப் போனவர், வேலூர் பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்திருந்தவர்களிடம் டிக்கெட் கேட்டுக்கொண்டே போளூர் வரை போய்விட்டார். அந்த பஸ்ஸின் கண்டக்டர் நல்ல மனுஷன். அப்பாவின் சட்டைப் பையில் என் மனைவி எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து போன் செய்தார். அதற்குள் நாங்கள் செத்துப் பிழைத்தோம்.

அன்றைக்கே மாடிப்படித் தலைப்பில் இருக்கும் கிரில் கதவுக்குப் பூட்டு வாங்கினேன். மனைவிக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை, வர ஆறு மணி ஆகும். பகலில் அப்பாவுக்கு நான்தான் துணை. துணை என்றால், பூட்டு கிரிலில் தொங்கும், நான் அறைக்குள் இருப்பேன். ஐந்து மணிக்கு வெளியே வந்தால் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு ஹால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இப்போதுதான் எழுந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு டீ போடுவேன்.

அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக எங்கள் தெருமுனையிலேயே தற்காலிக பஸ் ஸ்டாண்ட் போட்டிருந்தார்கள். மூன்று மணிக்குத் தண்ணி கேன் வந்தது. பூட்டைத் திறந்து, கேனை வாங்கி வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு பெண் பாடிய ஆறு பாட்டுகளை அன்று சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. மூன்றரைக்குத் தண்ணீர் குடிக்கலாமென்று எழுந்து கைப்பிடியைத் திருகினேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்த கைப்பிடி. "ஏங்க, ஒரு ஸ்க்ரூவ முடுக்க உங்களுக்கு நேரமில்லியா?" என்று மனைவி வாரம் ஒருமுறை கேட்பாள். "சாயந்திரம் பாக்கறேன்" என்பேன். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கைப்பிடி இருந்த ஓட்டைக்குள் பேனாவை விட்டுப் பார்த்தேன், கத்தரிக்கோலை விட்டுப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் சமையலறையில். சரி, ஆறு மணிக்கு அவள் வந்து திறக்கட்டும், திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று உட்காரப் போனேன். பாக்கெட்டில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் கிரில் பூட்டு.

அடப்பாவி, கேன் வாங்கின கையோடு பூட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். கிரில் திறந்து கிடக்கிறது. நாலு மணிக்கு அப்பா எழுந்திருப்பார். தெருமுனையில் ஒன்றல்ல, நூறு பஸ் நிற்கிறது.

கத்தினேன். கதவை உதைத்தேன். தோளால் இடித்தேன். யாருக்கும் கேட்காது என்று எனக்கே தெரியும், அப்படித்தானே கட்டினேன்! இருந்தாலும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். கணினியில் மணி மூன்று ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, நாலு. இப்போது எழுந்திருப்பார். இப்போது சட்டையை மாட்டுவார். இப்போது படியில் கால் வைப்பார். அந்தக் கூட்டத்தில் கையை விட்டால் கண்ணுள்ளவனே தொலைந்துபோவான், இவரை எங்கே போய்த் தேடுவது? எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உன்னால்தானே இந்த ஊரில், இந்தப் பெட்டிக்குள் வந்து மாட்டிக்கொண்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா ஞாபகம் வந்தது. அவருடைய வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் துணிக்கடை. தாத்தா காலத்திலிருந்தே அவர்களுக்கு இந்த ஊர்தான். அந்த அம்மாவுக்கு என்மேல் ஒரே ஒரு புகார், என் ஸ்பீக்கரில் வரும் பேஸ். பேச்சையும் பாட்டையும் பஞ்சால் நிறுத்திவிடலாம், 'தும் தும்' என்று வயிற்றில் இடிக்கிற அந்தச் சத்தத்தை மட்டும் எந்தச் சுவராலும் முழுசாக நிறுத்த முடியாது. அது தரைக்குள் இறங்கிக் கீழே போகும். அந்தப் பெண்ணின் பாட்டில் குரலை எடுத்தேன், கிடாரை எடுத்தேன், மிச்சமிருந்த பேஸை மட்டும் முழு வால்யூமில் திருப்பித் திருப்பி ஓடவிட்டேன். அம்மா தொழுகையில் இருக்கக்கூடாதே, ஊருக்குப் போயிருக்கக்கூடாதே என்று எந்தச் சாமி என்று பார்க்காமல் எல்லோரையும் கும்பிட்டேன். நாற்காலி நடுங்கியது. பல் கூசியது.

நாலு முப்பத்தைந்துக்குக் கதவு திறந்தது.

"என்னா தம்பி இது! டம்ளரெல்லாம் செல்ஃபுலேர்ந்து குதிக்குது! எத்தினி தபா சொல்றது உனக்கு?"

ஸ்பீக்கரை அணைத்தேன். அந்த அம்மாவை இடிக்காத குறையாக வெளியே பாய்ந்தேன். "அப்பா போயிட்டாரும்மா! கிரில் தொறந்து கெடக்குது!"

"எங்க போயிட்டாரு? தோ நிக்கிறாரு பாரு. நான் வர்றப்போ உன் கதவைத்தான் தட்டிக்கினு இருந்தாரு."

கதவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து அப்பா நின்றுகொண்டிருந்தார். சட்டை பட்டன் மாறிப் போட்டிருந்தது. கக்கத்தில் ஒரு பை. கைமுட்டி சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் கிரில் அகலத் திறந்து கிடந்தது.

"இன்னிக்கின்னு இல்ல தம்பி" என்றார் ஹவுஸ் ஓனர் அம்மா. கோபம் தணிந்த குரல். "தெனம் நாலு மணிக்குத் தட்டுறாரு. எனக்குக் கீழ கேக்குது. நீ தொறக்கறதே இல்ல. வேல ஜாஸ்தி போலன்னு நெனச்சிக்குவேன்."

"கிரில் தொறந்துதானேப்பா இருந்துச்சு?" என்று அப்பாவிடம் கேட்டேன். ஏன் போகவில்லை என்று கேட்பதுபோல என்ன கேள்வி அது!

"டூட்டிக்கு நேரமாயிடுச்சி. போயிட்டு வரேன்னு உன்கிட்ட சொல்ல வாணாமா? சொல்லாம எப்பிடிப்பா போறது?" என்றார்.

போளூர் போன அன்று என்ன நடந்தது என்று மனைவி அப்போதே சொல்லியிருந்தாள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று அவளுக்கு லீவு, அடுப்பு வேலையாக இருந்தாளாம். மாமா வந்து "போயிட்டு வரேம்மா" என்றாராம். யார் சொன்னாலும் சொல்கிற மாதிரி, பழக்க தோஷத்தில், "சரி மாமா" என்று சொல்லிவிட்டாளாம். அந்த 'சரி' போதுமாயிருந்தது அவருக்கு. என்னிடம் அந்த 'சரி' கிடைக்காமல், தினமும் கால் வலிக்கிறவரை நின்று தட்டிவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறார். நான் வாங்கிய பூட்டு அவரைத் தடுக்கவே இல்லை.

"சொல்லிட்டேன்ல? போயிட்டு வரட்டா?" என்றார் அப்பா. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவருடைய பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, திரும்பச் சரியாகப் போட்டேன். ஹவுஸ் ஓனர் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

இப்போதெல்லாம் நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே, எந்தப் பாட்டானாலும் பாதியில் விட்டுவிட்டு ஹாலுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்துவிடுகிறேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து என் எதிரே நிற்பார்.

"போயிட்டு வரேம்பா."

நான் பேசமாட்டேன். சரி என்றால் போய்விடுவார். வேண்டாம் என்றால் அழுகிறார், அதையும் ஒருநாள் செய்து பார்த்துவிட்டேன். இன்னொரு தரம் சொல்வார், கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது தரம் பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில் சொல்வார். ஊரில் எவனெவன் பாட்டிலோ ஒரு மூச்சு ஜாஸ்தியானாலும் கண்டுபிடிக்கிறவன், பெற்ற அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு செவிடனாக உட்கார்ந்திருப்பேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்ப்பார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு என் காதை மெதுவாகத் தடவிக் கொடுப்பார்.

"பாவம், புள்ளைக்குக் காது போயிடுச்சி" என்பார். "இவன வுட்டுட்டு எப்பிடிப் போறது?"

சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.