மண் ராஜாவுக்கு ஆறாவது விரல்

சில வருஷங்களுக்கு முன், ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூரில் நடந்தது இது. நான் மானாம்பதியில் பயிர் செய்கிறவன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதனாலோ என்னவோ, என் மூன்று வயது மகள் கரித்துண்டால் சுவரெல்லாம் கிறுக்கியதைப் பார்த்ததும், அவளை உடனே எங்காவது கற்றுக்கொள்ளச் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

"ஒரு எடத்துல நிக்காத கொயந்த. அது குந்திக்கினு கத்துக்கப் போவுதா?" என்று என் மனைவி சிரித்தாள்.

முதலில் பாட்டு வகுப்பில் விட்டேன். பாட்டு தொடங்குவதற்குள் எழுந்து வந்துவிட்டாள். பிறகுதான் உத்திரமேரூரில் ஓவிய வாத்தியார் ஒருவர் தம் வீட்டிலேயே சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டு, சைக்கிளில் அழைத்துப் போனேன்.

வாத்தியார் சிலேட்டில் ஒரு நேர்கோடு போட்டு, அதைப் போலவே போடச் சொன்னார். இவள் பாதிக் கோடு போட்டாள். ஜன்னலைப் பார்த்தாள். பலப்பத்தைக் கடித்தாள். "குந்தும்மா, குந்தும்மா" என்று நான் கெஞ்சியதுதான் மிச்சம்.

"இன்னும் ஒரு வருசம் போவட்டும்பா" என்றார் வாத்தியார்.

எனக்கு மனசு ஆறவில்லை. அவரை வாசலுக்கு அழைத்து, எப்படியாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினேன். திரும்பி உள்ளே வந்தால் சிலேட்டு மட்டும் கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது.

நான் குளத்துப் பக்கம் ஓடினேன். வாத்தியார் கடைத்தெருப் பக்கம் ஓடினார். குளத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதை உற்றுப் பார்க்கவும் பயம், பார்க்காமல் போகவும் பயம். எதிரில் வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டே அம்மன் கோயில் மைதானம் வரை ஓடினேன்.

அங்கே மறுநாள் கூத்தின் கடைசி நாள். கூத்தில் தோற்றுப்போகும் ராஜாவை மல்லாந்து படுத்த மாதிரி தரையிலேயே மண்ணால் பெரிதாகச் செய்து, கூத்து முடியும்போது உடைப்பது வழக்கம். அந்த மண் ராஜாவின் காலடியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை சேறு. ராஜாவின் இடது காலில், சுண்டுவிரலை ஒட்டி, இன்னொரு விரலை அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

பதறிப்போய் அதைப் பிய்க்கக் குனிந்தேன். பக்கத்தில் ராஜாவுக்காக மண் பிசைந்துகொண்டிருந்தவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"வுடு நைனா. நாளைக்கு ஒடைக்கப் போற ராஜா. ஆறு வெரலோடயே போவட்டும். செருப்பு தைக்கிறவனுக்குத்தான் பேஜாரு."

மூச்சிரைக்க வந்து சேர்ந்த வாத்தியார் அவளையே பார்த்தார். "என் வூட்ல குந்தமாட்டேன்னது இந்தக் கொயந்ததானா?" என்றார்.

நான் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. உச்சி வெயில் தலையில் இறங்கியும் அவள் இடத்தை விட்டு நகரவில்லை. நிலைகொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தது நான்தான்.

அதன் பிறகு அவளை எந்த வகுப்புக்கும் அழைத்துப் போகவில்லை. ஏரிக்கரையிலிருந்து இரண்டு கூடை களிமண் கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் கொட்டினேன். இன்று தம் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தக் குழந்தை தன்னை மறந்து உட்காருகிற இடம் எது என்று முதலில் தேடிப் பாருங்கள் என்கிறேன். அன்று குளக்கரையில் நான் பட்ட பாட்டில் எனக்குக் கிடைத்த பாடம் அது.