தடியனை வைத்துக்கொண்டு

மாட்டுங்காவில் ஓர் உணவகத்தின் மாடியில் நடந்த போட்டியில், முதல் சுற்றிலேயே என் தடியனுக்குச் சூடு வைத்துவிட்டார்கள். களத்தில் இறங்கிய அவன் உருப்படியாக ஓர் அடிகூட அடிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவன் தன் கையிலிருந்த திரையைப் பார்த்துச் சிரித்தான். அந்த ஆட்டம் எனக்குத் தோல்வி.

தடியன் ஒரு மிருகம். கையடக்கமான ஒரு கன்சோலில் ஆடும் விளையாட்டில் வருகிற மிருகம். கல்லால் ஆன உடம்பு, நெற்றியில் ஒற்றைக் கொம்பு, தூண் மாதிரிக் கால்கள். இந்த விளையாட்டில் மிருகங்களைப் பிடித்து, வளர்த்து, மற்றவர்களின் மிருகங்களோடு மோதவிட வேண்டும். ஆறு பேர் கொண்ட அணி. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பக்கமும் எதிராளியின் ஆறு பேரையும் பார்க்கலாம். அதிலிருந்து நாலு பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டிரண்டாகக் களத்தில் இறக்குவோம். சில மிருகங்கள் தள்ளி நின்று நெருப்பையோ மின்னலையோ வீசும். சில கிட்டே போய் உடம்பால் மோதும். தடியன் மோதுகிற ஜாதி. அவன் அடி விழுந்தால் எதிரே நிற்கிற எதுவும் பெரும்பாலும் எழுந்திருக்காது.

விழுந்தால்.

நான் சயானில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். காலையில் வருகிறவர்கள் எல்லாரும் வெறும் வயிற்றோடு வருவார்கள். காபிகூடக் குடிக்காத மனிதனுக்குப் பொறுமை என்பதே இருக்காது. டோக்கன் வரிசை தவறினால் கத்துவார்கள், தவறாவிட்டாலும் கத்துவார்கள். சிரித்த முகத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் மேலாளரின் உத்தரவு. அப்படி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து கன்சோலை எடுத்தால், தள்ளி நின்று தந்திரம் செய்கிற மிருகங்கள் மேல் எனக்கு ஆசை வரவில்லை. ஒரே அடியில் முடிக்கிறவன் வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் தடியனைப் பிடித்துக்கொண்டேன். பெயரும் நான் வைத்ததுதான்.

கன்சோல் எனக்கும் என் தம்பிக்கும் பொது. தாராவியில் எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே பரண் மாதிரி ஒரு தட்டு. அந்தத் தட்டில் உட்கார்ந்துதான் இருவரும் ஆடுவோம். தம்பி ஏசி பழுது பார்க்கிறவன். அவனுக்கு இந்த விளையாட்டில் என்னைவிட நிதானம் அதிகம். முதல் நாளிலிருந்தே அவனுக்குத் தடியனைப் பிடிக்கவில்லை.

"ஏக்கா, அவன வச்சிக்கிட்டு இன்னும் எத்தன நாளு மாரடிக்கப் போற? அவன் வாரான்னு ஊருக்கே தெரியுது. வந்த ஒடனே சூடு வச்சிருதானுவ. பாதி பெலம் போயிருது."

"சூடு வைக்கதுக்கு முன்னாடி நான் அடிச்சிட்டா?"

"எங்கன அடிப்ப? அவன் நடந்து வாரதுக்குள்ள சயான் சிக்னலே பச்ச ஆயிரும்."

அவன் சொன்னது பொய்யில்லை. தடியனின் நோய்கள் எனக்கும் தெரியும். முதலாவது, மெதுவானவன். எல்லாரும் அடித்து முடித்த பிறகுதான் அவன் முறை வரும். இரண்டாவது, அவனுக்குத் தீக்காயம் பட்டுவிட்டால் அடியின் பலம் சரிபாதி ஆகிவிடும். தள்ளி நின்று வீசுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. உடம்பால் மோதுகிறவனுக்கு மட்டும்தான். போதாததற்கு, சில மிருகங்கள் களத்தில் இறங்கும்போதே ஒரு முறைப்பு முறைக்கும். அந்த முறைப்புக்கே தடியனின் பலம் ஒரு படி இறங்கிவிடும். மலை போல உடம்பை வைத்துக்கொண்டு, யாரோ முறைத்ததற்கு எதற்கு இப்படிப் பயப்படுகிறான் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் பார்த்தேன். மெதுவானவர்களை முதலில் அடிக்கவிடுகிற ஒரு வித்தை இருக்கிறது. சில சுற்றுகளுக்கு விளையாட்டின் விதியே தலைகீழாகிவிடும். அந்த வித்தை தெரிந்த ஒரு மிருகத்தைக் கூடச் சேர்த்தேன். எதிராளிகள் அதைத் தூங்கவைத்தார்கள். தூக்கம் அண்டாத மிருகத்தைக் கொண்டுவந்தேன். அதை முதலிலேயே அடித்து வீழ்த்தினார்கள். அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்கிற காவலாள் ஒருவனைச் சேர்த்தேன். சூடு காவலாள் மேல் போயிற்று, ஆனால் முறைப்பு போகவில்லை. முறைக்கிற மிருகம் களத்தில் இறங்கினாலே அது வேலை செய்யும். முறைப்பைத் தடுக்கிற பொருளைத் தடியன் கையில் கொடுத்தேன். அந்தப் பொருளைக் கொடுத்தால் அடியைக் கூட்டுகிற பொருளைக் கொடுக்க முடியாது. ஓட்டுக்கூரையில் ஓர் ஒழுக்கை அடைத்தால் பக்கத்து ஓட்டில் ஒழுகுமே, அந்தக் கதைதான். கடைசியில் என் அணியில் ஐந்து பேர் தடியனுக்குச் சேவகம் செய்ய வந்தவர்களாக ஆகிவிட்டார்கள்.

சேவகம் என்ற வார்த்தை தம்பியுடையது. "அஞ்சு பேரும் அவனுக்குச் சேவகம் பண்ணுதானுவ, கொட பிடிக்கானுவ. மாப்ள வாராரு, வழி விடுங்கன்னு."

கீழே சமைத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நீட்டி, "அந்த மாட்டுக்கு இன்னைக்குமா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அது மாடு. நாங்கள் தினமும் சூடு, தூக்கம், காயம் என்று பேசுவதைக் கேட்டு, ஏதோ நோஞ்சான் மாட்டை வளர்க்கிறோம் என்று முடிவுகட்டியிருந்தாள்.

மாட்டுங்காப் போட்டியை நகரத்தில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். இரண்டு முறை தோற்றால் வெளியே. கன்சோல் ஒன்றுதான் என்பதால் எங்களில் ஒருவர்தான் ஆட முடியும். இந்த முறை நான் என்று முடிவாயிற்று. தம்பி வேடிக்கை பார்க்க வந்தான். ஆட்டத்தின் நடுவே வெளியிலிருந்து யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி.

முதல் ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட்டேன். என் ஆறு பேரைப் பார்த்ததுமே அந்த மாணவன் இந்தியில், "தீதி, இவனை இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. பழைய மாடல் போனைப் பார்த்துக் கேட்பது போல மரியாதையாகக் கேட்டான். அதுதான் அதிகமாக எரிந்தது.

சாம்பாரும் நெய்யும் மணக்கிற அந்த மாடிப்படியில் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அடுத்ததுல அவன எறக்காத. ஒரு வாட்டி. எனக்காண்டி."

"எறக்கல. போதுமா? நீ சொன்னபடியே ஆடுதேன். தோத்தா ஒன் தலையில."

கோபத்தில்தான் சொன்னேன். கோபத்தில்தான் ஆடவும் செய்தேன். தடியனை விட்டுவிட்டு மற்ற நாலு பேரை இறக்கினேன். எதிரே கண்ணாடி போட்ட ஒருவர், என் வயதுதான் இருக்கும், நெருளிலிருந்து வந்திருந்தார். தடியன் எந்த நேரமும் வருவான் என்று அவர் காத்துக்கொண்டே இருந்தார். சூடு வைக்கிற மிருகத்தை அடி படாமல் பின்னால் பத்திரப்படுத்தினார். தாக்க வேண்டிய நேரத்தில் தற்காத்துக்கொண்டார். நான் அவர் ஆட்களை ஒவ்வொருவராகச் சாய்த்துவிட்டேன்.

முடிந்ததும் அவர் தமிழிலேயே, "அந்தக் கொம்பன் எங்க? நான் அவனுக்காகவே ஆடினேன்," என்றார்.

"கூட்டிட்டு வரல."

"அடடா," என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

தம்பிக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "பாத்தியா? சும்மா பேருக்கு நிக்கட்டும். சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி. பயந்து சாவட்டும்."

ஜெயித்ததற்கு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் மனம் ஒப்பவில்லை. எத்தனை மாதம் வளர்த்தேன் அவனை. அவனை வெளியில் உட்காரவைத்தால்தான் ஜெயிக்க முடியும் என்றால், வளர்த்தது எதற்கு?

மூன்றாவது சுற்றில் எதிரே ஒரு பெண். வெகு அமைதியானவள். அவள் அணியில் ஆமை ஓடு மாதிரித் தடித்த ஓடு கொண்ட இருவர் இருந்தார்கள். நெருப்பு, மின்னல், தண்ணீர் எதைத் தள்ளி நின்று வீசினாலும் அந்த ஓட்டில் கீறல்கூட விழாது. கிட்டே போய் மோதினால்தான் உடையும். என் ஆறு பேரில் மோதுகிறவன் தடியன் ஒருவன்தான். கூட்டத்தில் தம்பியைப் பார்த்தேன். விதி இருப்பதால் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு மிக லேசாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. நான் தடியனைத் தேர்ந்தெடுத்தேன்.

வாழ்க்கையில் முதல் முறையாக எல்லாம் நினைத்தபடி நடந்தது. விதியைத் தலைகீழாக்கும் வித்தை பலித்தது. சூடு வைக்க வந்ததைக் காவலாள் தன் மேல் வாங்கிக்கொண்டான். முறைக்கிற மிருகம் அவளிடம் இல்லை. களத்தில் அவளிடம் மிச்சமிருந்த இரண்டு ஓடுகளும் அடுத்தடுத்து நின்றன, அதுவும் ஏற்கெனவே கொஞ்சம் களைத்து. தடியனிடம் இருவரையும் ஒரே நேரத்தில் அடிக்கிற பாறை மழை என்ற ஓர் அடி இருக்கிறது. பத்துக்கு ஒன்பது முறை விழும். விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்துவிட்டது. கன்சோலை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

பொத்தானை அழுத்தினேன். தடியன் காலை உயர்த்தினான். திரை குலுங்கியது. பாறைகள் விழுந்தன. இரண்டு ஓடுகளுக்கும் நடுவில், வெறும் தரையில் விழுந்தன. குறி தவறியது என்று ஒரு வரி திரையில் வந்தது. இரண்டு பேருக்கும் தவறியது.

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வித்தையின் சுற்றுகள் அத்தோடு முடிந்தன. தடியன் மறுபடி கடைசி ஆள் ஆனான். அவன் முறை திரும்ப வரவே இல்லை. இரண்டாவது தோல்வி, நான் வெளியே. கைகொடுக்கும்போது அந்தப் பெண், "சாரி," என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அவள் எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று இன்னும் கோபம் வந்தது.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு ஆட்டோ கிடையாது. பாலத்தைத் தாண்டி, லேபர் கேம்ப் வழியாக நடந்தோம். பாதி வழியில் தம்பி ஆரம்பித்தான்.

"தலையாட்டுனம்லா? பாத்தல்ல?"

"பாத்தேன்."

"பொறவு எதுக்கு எறக்குன?"

"வேற யார எறக்க? அந்த ஓட்ட ஒடைக்க வேற யாரு இருக்கா நம்மகிட்ட? நீயே சொல்லுல."

"அதுக்கு? தப்புத அடிய நம்பியா ஆடுவாங்க?"

"பத்துக்கு ஒம்பது விழும்."

"விழுந்திச்சா?"

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். என் பையில் கிடந்த கன்சோலை எடுத்து அவன் கையில் திணித்தேன். "அடுத்த வாட்டி நீயே போ. நீயே ஆடு. அவன எடுத்துக் கடாசிரு," என்றேன். பின்னால் வந்த டெம்போக்காரர் ஹாரன் அடித்து இந்தியில் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று பார்த்தால், அடுத்த போட்டி செம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த ஞாயிறு எனக்கு வேலை. தம்பிதான் போனான். வித்தை மிருகத்தையும் காவலாளையும் அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மூன்று பேரைப் புதிதாக மாற்றினான். தடியனை ஆறாவதாக வைத்திருந்தான், சோளக்கொல்லைப் பொம்மையாக. இறக்கவே மாட்டேன் என்று அம்மா முன்னால் சத்தியம் செய்துவிட்டுப் போனான்.

அன்று பரிசோதனை நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. போனை மேசைக்கு அடியில் வைத்திருந்தேன். ஜெயிச்சாச்சு, மறுபடி ஜெயிச்சாச்சு என்று செய்தி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்த ஒரு பெரியவர் ஏன் இவ்வளவு தாமதம் என்று கத்திக்கொண்டிருக்கும்போது போன் மீண்டும் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்க முடியவில்லை. பார்த்தபோது, "வீட்டுக்கு வந்து சொல்லுதேன்" என்று மட்டும் இருந்தது.

தம்பி எனக்கு முன்பே வீடு வந்து, மேலே அந்தப் பரண் தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசி எட்டுப் பேரில் ஒருவனாக வந்திருக்கிறான்.

"அந்தப் பிள்ள வந்திருந்தாக்கா. அந்த ரெண்டு ஓடு."

"தோத்துட்டியா?"

"இல்ல." சோற்றைப் பிசைந்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னான். "தடியன எறக்குனேன்."

"சத்தியம் பண்ணிட்டுப் போனியே."

"வேற வழி இல்லக்கா. அந்த ஓட்ட ஒடைக்க ஆள் இல்லல்லா."

நான் அவன் எதிரில் உட்கார்ந்தேன். "எந்த அடி?" என்றேன்.

"பாற மழ."

"விழுந்திச்சா?"

"விழுந்திச்சு. ரெண்டும் ஒரே அடியில காலி."

அவனைப் பாராட்ட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. நான் செய்ததில் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது, தேடினால் கிடைக்கும், திருத்திக்கொள்ளலாம் என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வித்தியாசமா செஞ்ச? சொல்லு."

தம்பி யோசித்தான். நான் வருத்தப்படாதபடி ஏதாவது பதில் இருக்கிறதா என்று தேடுவது அவன் முகத்தில் தெரிந்தது.

"ஒண்ணும் இல்லக்கா," என்றான். "நீ செஞ்சதேதான்."